கடல்காற்றுக்கு முன்

செண்பகம் குடத்துத் தண்ணீரை முற்றத்தில் விசிறி ஊற்றினாள். மண் குடித்துக்கொண்டே இருந்தது. காருக்கு அந்தப் பக்கம் நின்ற அவள் புருஷன் வீரபாகு, "இங்கன காஞ்சு கெடக்கு பாரு. கால் வச்சா தூசி எழும்பும். இன்னும் ஊத்து" என்றான். தலையையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தான். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"மாமாவுக்கு மூச்சு இழுக்குதுங்க."

"நேத்தும் அப்படித்தான இருந்தது?"

"இன்னைக்கு நெஞ்சுக்குள்ள கறகறன்னு சத்தம் கேக்கு."

அவன் கார்க் கண்ணாடிகளின்மேல் ஒட்டியிருந்த செய்தித்தாளின் ஓரங்களை விரலால் அழுத்திக்கொண்டே போனான். பிறகு முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தான். இலை அசையவில்லை. மதியத்துக்குமேல் கடல்காற்று வந்துவிடும். அந்த ஈரம் பட்டால் காயாத பெயிண்ட் பாலாடை படிந்ததுபோல வெளுத்துப்போகும். வெள்ளை பூத்துவிட்டது என்பார்கள். போன வாரம் டிக்கியில் மட்டும் அடித்துப் பார்த்தபோது அப்படித்தான் பூத்தது. அவ்வளவையும் தேய்த்து எடுத்தான்.

கார் ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மாமனார் ஆறுமுகநயினார் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த காலத்தில் நீல நிறத்தில் வாங்கியது. தசராவுக்கு மாமியாரைக் குலசைக் கோயிலுக்கு அதில்தான் கூட்டிப்போவாராம். மாமியார் செத்த பிறகு கொட்டகைக்குள் தள்ளிவிட்டார். பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. ஹார்பரில் கிரேன் ஓட்டும் வீரபாகு, ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த பகல்களில் தூங்காமல் அதைச் சுரண்டினான். உப்புக்காற்று தின்ற இடங்களில் தகரம் வைத்துப் பற்றவைத்தான். பட்டி தடவினான், வாட்டர் பேப்பரால் தேய்த்தான், பிரைமர் அடித்தான். அதற்குள் கிழவர் படுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நேற்று மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அந்த நீலத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்லே" என்றார். அதனால்தான் இன்றைக்கே அடிக்க வேண்டியிருந்தது.

ஆசையில் குற்றமில்லை. பெயிண்டில் கலக்கும் தின்னரின் நெடிதான் செண்பகத்துக்குப் பயம். ஜன்னலைத் திறந்தால் நெடி வரும், மூடினால் புழுங்கும். இரண்டில் எது அவரைக் கொல்லும் என்று யாரிடம் போய்க் கேட்பது? மூடிவிட்டாள். வாசற்கதவையும் சாத்தி, அடியில் ஈரச் சாக்கை வைத்துத் திணித்தாள்.

சாக்கை அவள் கால்விரலால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஓலம் கேட்டது.

"என் கூடப்பொறக்காத பொறப்பே! ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டீரே அண்ணாச்சி!"

பக்கத்து வீட்டுச் சீனித்தாய் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செண்பகம் ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"அத்தை, சும்மா இருங்க! மாமா உசுரோட இருக்காவ!"

சீனித்தாயின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு கோபம் வந்தது.

"ஜன்னலு கதவெல்லாம் அடைச்சாச்சு. முத்தம் பூரா தண்ணிய ஊத்திக் கழுவியாச்சு. இவன் தலையில துண்டக் கட்டிக்கிட்டு நிக்கான். ஒரு மனுசி என்னன்னு நெனைப்பா?"

"பெயிண்ட் அடிக்கப் போறேன் அத்தை. தூசி எழும்பக் கூடாதுல்லா" என்றான் வீரபாகு.

"நல்லாருக்குலே. உங்கப்பன் மூச்சுக்குத் தவிக்காரு, நீ வண்டிக்குப் பவுடர் போடுத."

கொண்டையை முடிந்துகொண்டு போய்விட்டாள். வீரபாகு பெயிண்டைக் கலக்கினான். குச்சி தகர டப்பாவில் தட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளே ஆறுமுகநயினார் விழித்திருந்தார்.

"யாருளா செத்தது?"

"யாருமில்ல மாமா."

"சீனித்தாய் சத்தமுல்லா? எனக்கா அழுதா?" சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் அடங்க வெகுநேரமானது. "ஒப்பாரி எடுப்பு நல்லாயில்ல. அன்னைக்கு ஒழுங்கா அழச் சொல்லு."

கிருபாநிதியின் டிங்கரிங் ஷெட்டிலிருந்து இரவல் வாங்கிய, பெயிண்ட் பீய்ச்சும் கம்ப்ரஸரை வீரபாகு கிழவரின் அறைச் சுவரை ஒட்டி நிழலில் வைத்திருந்தான். அது கிளம்பியதும் சுவர் அதிர்ந்தது. மாடத்தில் இருந்த டம்ளர் நகர்ந்தது. நெடி எந்த வழியாகவோ உள்ளே வந்துவிட்டது. செண்பகம் முந்தானையை நனைத்துக் கிழவரின் மூக்கருகில் பிடித்தாள். அது மூச்சை இன்னும் அடைக்குமோ என்று பயந்து எடுத்தாள். மறுபடியும் பிடித்தாள்.

ஸ்பிரே கன் கையில் இருக்கும்போது கூப்பிடாதே என்று வீரபாகு காலையிலேயே சொல்லியிருந்தான். பாதியில் நிறுத்தினால் பெயிண்டில் வரி விழுந்துவிடும். விழுந்தால் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். அதற்கு நாள் இல்லை என்பதை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெயிண்ட் முதல் கோட்டு முடிந்து, இரண்டாவதும் முடிந்தது. கோட்டுக்குக் கோட்டு நடுவில் கம்ப்ரஸர் நிற்கும்போதெல்லாம் அந்தக் கறகறப்பு கேட்டது. கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. கடைசிக் கோட்டுக்குக் கம்ப்ரஸர் மறுபடி ஓடியபோது கிழவரின் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தாள்.

"காட்டு."

ஒரு ஜன்னல் கதவை மட்டும் திறந்தாள். அவர் தலையைத் தன் கையில் தூக்கிப் பிடித்தாள். வெளியே வெயில். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஈர நீலம்.

"தெரியுதா மாமா?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளை பூத்துட்டுளா" என்றார்.

செண்பகம் பானெட்டைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ஒரு துளி வெள்ளை இல்லை. முருங்கை இலை அசையவில்லை. திரும்பி அவர் கண்களைப் பார்த்தாள்; பாலாடை அங்கேதான் படிந்திருந்தது.

"கூப்பிடட்டுமா? மாமா, அவியளக் கூப்பிடட்டுமா?"

அவர் கை ஒருமுறை எழும்பி விழுந்தது. கூப்பிடு என்றாரா, வேண்டாம் என்றாரா, தெரியவில்லை. செண்பகம் ஜன்னல் கம்பியைப் பிடித்து வாயைத் திறந்தாள். வீரபாகு கார்க் கதவை முடித்துப் பின் சக்கரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். கை ஒரே வேகத்தில் போய் வந்தது. கால்கள் ஈரத்தில் பக்கவாட்டில் நகர்ந்தன. இன்னும் கொஞ்சம்தான். வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலையும் மூடினாள்.

சுவரை ஒட்டிய கட்டிலில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். கம்ப்ரஸர் சத்தத்தில் காது உதவவில்லை. கைக்குத் தெரிந்தது. நெஞ்சு விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. இருக்கிறது, இருக்கிறது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கம்ப்ரஸர் நின்றது.

கைக்குக் கீழே அதிர்வும் நின்றது.

மாடத்து டம்ளர் அசையாமல் இருந்தது. செண்பகம் கையை எடுக்கவில்லை.

கதவடிச் சாக்கைத் தள்ளிக்கொண்டு வீரபாகு வந்தான். துண்டை அவிழ்த்திருந்தான். துண்டு மறைத்த இடம் கறுப்பாகவும், கண் இமையும் புருவமும் நீலமாகவும் இருந்தன.

"வரியே விழலளா. பாத்தாவளா?"

"பாத்தாவ."

"என்ன சொன்னாவ?"

"நீலம்னாவ."

தலையை ஆட்டினான். அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தான். பக்கத்தில் வந்து குனிந்தான். தொடுவதற்குக் கையை நீட்டி, கை முழுக்கப் பெயிண்ட் இருப்பதைப் பார்த்து நிறுத்தினான். இடுப்பிலிருந்த தின்னர்த் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினான். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அதையே துடைத்துக்கொண்டிருந்தான்.

செண்பகம் எழுந்தாள். அழுதால் தெரு முழுக்க வரும். செருப்பும் காலுமாக ஓடிவரும். முற்றம் பாதி காய்ந்திருந்தது; தூசி எழும்பும்.

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலிலிருந்து காரைச் சுற்றி ஊற்ற ஆரம்பித்தாள்.

மதிலுக்கு மேல் சீனித்தாயின் தலை தெரிந்தது. இரண்டாம் தடவை ஏமாற அவள் தயாராக இல்லை.

"ஏளா, இன்னொரு கோட்டா?"

செண்பகம் குடத்தைச் சாய்த்தாள். முருங்கை இலை அசையத் தொடங்கியிருந்தது.