தாயார் ஸ்டிக்கர்

காலை பத்து மணிக்குக் கடை ஷட்டர் ஏறியதும் ஸ்டிக்கர் சுருளைப் பிரிப்பதுதான் தேவசேனாவின் முதல் வேலை. எட்டணாக் காசு அளவு வட்டம். அதற்குள் பத்மாவதித் தாயாரின் முகம், சுற்றிலும் கடையின் பெயர். கம்ப்யூட்டர் கேம் சிடி டப்பாக்களில் சிலவற்றின் கீழ் மூலையில் 18 என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணின் மேல் தாயாரை வைத்து அழுத்த வேண்டும். நகரியில் இருபது வருஷம் விசைத்தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. ஒரு ஸ்டிக்கரும் கோணியதில்லை.

"பதினெட்டு வயசு ஆனவன்தான் ஆடணுமாம்" என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார் முதலாளி நாகபூஷணம். "இந்தத் திருப்பதியில வாங்கறதெல்லாம் பத்து வயசுப் பசங்க. நம்பரைப் பாத்தா அப்பன்காரன் வெச்சிட்டுப் போய்டுவான். அதான் மேல தாயாரை உக்கார வெக்கறேன். எவன் வந்து தாயார் மூஞ்சிய நகத்தால சுரண்டப் போறான், செப்பு!"

அவளுக்கு மனசு ஒப்பவில்லைதான். ஆனால் அந்தக் கடையில் டெலிபோன் இருந்தது.

மகன் மணிவேல் குவைத்துக்குப் போய் மூன்று வருஷம். நாலு இடம் மாறிவிட்டான். அவனுக்கென்று ஒரு நம்பர் இல்லை. அவன் போன பிறகுதான் நகரியில் தறி நின்றது, அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பதியை ஒட்டிய திருச்சானூருக்கு வந்தாள். எந்தத் தெரு, எந்த ரூம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரிந்தது, குவைத்துக்குப் போன ஊர்க்காரர் ஒருவர் கையில் அவள் எழுதி அனுப்பிய கடை நம்பர் ஒன்றுதான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, அங்கே லீவு நாள், நம்ம ஊர் பதினோரு மணிக்கு டெலிபோன் கார்டு போட்டுக் கூப்பிடுவான். "துன்னியாம்மா?" என்பான். "துன்னேன்டா" என்பாள். நாலு நிமிஷம். அவள் ரூமுக்கு இருபுறமும் லாட்ஜ். தினம் ஒரு குடும்பம் வந்து, தரிசனம் முடித்துக் கிளம்பிவிடும். அம்மா என்று அவளை யாரும் கூப்பிடுவது அந்த நாலு நிமிஷத்தில்தான்.

இந்த மாதத்து வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கங்கையா வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காக்கிச் சட்டைப் பையிலிருந்து சிடி டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"அக்கா, போன வாரம் உங்கிட்டதான் வாங்கினேன். சின்னப் பசங்க ஆடலாமான்னு கேட்டேன். ஆடலாம்னு சொன்ன."

"ஏமி பாபு, சிடி ஓடலையா?" என்றார் நாகபூஷணம்.

"அது நல்லா ஓடுது சார். எம் புள்ளைக்குத்தான் தூக்கம் ஓடிப்போச்சு. எந்திரிச்சு உக்காந்துகினு, 'நைனா, கழுத்த அறுக்கறான்'னு நடுங்கறான். ஒம்போது வயசு."

"டிவியில காட்டாததா?"

கங்கையா டப்பாவைத் திருப்பினான். மூலையில் 18 பளிச்சென்று தெரிந்தது.

"அய்யய்யோ, தாயாரைச் சுரண்டிட்டியா?"

கங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நான் ஏன் சார் சுரண்டறேன்? டப்பா செருப்புங்க கிட்ட உருண்டுகினு கெடந்தது. தாயாரு கால்ல மிதிபடலாமான்னு எம் பொஞ்சாதி சுடுதண்ணித் துணி வெச்சு, நோவாம உரிச்சு, சாமி படத்துல ஒட்டினா. அடியில இந்த நம்பரு. ஸ்கூல் டீச்சர்தான் அர்த்தம் சொன்னாங்க."

நாகபூஷணம் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார்.

"இந்தம்மா படிக்காதது பாபு. கைக்கு வந்த எடத்துல ஒட்டிடும். ஏம்மா, தெரியாம ஒட்டிட்டேன்னு சொல்லேன்."

தேவசேனா டெலிபோனைப் பார்த்தாள். கங்கையா அவளைப் பார்த்தான்.

"சொல்லுக்கா. தெரியுமா, தெரியாதா?"

சுருளிலிருந்து அப்போதுதான் உரித்த தாயார் அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் தம்பி. நம்பரு மறையணும்னு சார் சொன்னாரு, ஒட்டினேன். தெரிஞ்சிகினேதான் உங்கிட்டயும் ஆடலாம்னு சொன்னேன்."

நாகபூஷணம் கார் ரேஸ் சிடி ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தார். கங்கையா அதை மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார் நாகபூஷணம், குரலை உயர்த்தாமலே.

"வெள்ளிக்கெழம புள்ள கூப்பிடுவான் சார். அந்த ஒரு வேளைக்கு வந்து வாசல்ல நின்னுக்கறேன்."

"கடைக்காக வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லல நீ. உனக்கு எதுக்கும்மா கடை போனு?"

அவள் ஓடிப்போய் எஸ்.டி.டி. பூத்துக்காரரிடம் நம்பர் எழுதி வாங்கி வந்தாள். "இதையாவது அவங்கிட்ட சொல்லிடுங்க." அவர் அந்தச் சீட்டைப் பழைய பில்கள் குத்தியிருந்த கம்பியில் குத்தினார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே எதிர்ப்பக்கம் வாழைப்பழ வண்டியோரம் வந்து நின்றாள். ஏசிக்காகச் சாத்திய கண்ணாடிக் கதவு. உள்ளே பேசுவது தெருவுக்குக் கேட்காது. அவள் ஸ்டூலில் சிவசங்கரி என்ற புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ரிசீவரை எடுத்துக் கேட்டாள். முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவள் கை டெலிபோன் பக்கம் போனது. இந்த முறை நாகபூஷணமே எட்டி, ரிசீவரை எடுத்து மேஜைமேல் மல்லாக்கப் போட்டார்.

சிவசங்கரி சுருளிலிருந்து ஒரு தாயாரை உரித்தாள். டப்பாவின் மூலையில் வைத்து, கோணாமல், கட்டைவிரலால் அழுத்தினாள்.