மசூதித் தெரு வழியாகத்தான்

கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் இந்த வருஷம் மசூதித் தெருவுக்குள் வராது, பைபாஸைச் சுற்றிப் போகும் என்று சமாதானக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் சொன்னபோது அந்தத் தெருவில் குடியிருக்கும் சைரா எழுந்துவிட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். ஷிப்டு முடிந்து, அதே லைனில் வேலை பார்க்கும் கோயில் தெரு ஜோதியோடு நேராகத் தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தாள்.

“ஏன் சார் மாத்தறீங்க?”

“உங்க தெருக்காரங்க முப்பது பேர் மனு அனுப்பியிருக்காங்கம்மா. ஊர்வலம் வந்தா மனசு புண்படுதாம்.”

“யாருக்குப் புண்படுது? காட்டுங்க.”

இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாகக் காகிதத்தை நீட்டினார். சைரா விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பதினேழாவது பெயரில் விரல் நின்றது. முனவ்வர் பாஷா. அவள் புருஷன்.

“இவரு மௌத்தாகி மூணு வருஷம் ஆச்சு சார்.” “கபர்லேந்து எழுந்து வந்தா கையெழுத்து போட்டாரு?”

கூட்டத்தில் சலசலப்பு. மனு தபாலில் வந்தது, அனுப்பியவர் யாரென்று தெரியாது என்றார்கள். கடைசியில் தாசில்தார் இறங்கிவந்தார். தெருவே சேர்ந்து ஆட்சேபணை இல்லையென்று நாளை மாலைக்குள் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் சைரா லீவு போட்டாள். ஜோதியும் போட்டாள். முதலில் ஜமாத் தலைவர் நசீர் அகமது வீடு.

“ஏம்மா பேஜாரு? அவங்க வேற வழியா போனா நமக்கு நிம்மதிதானே?” என்றார் அவர்.

“எங்க வூட்டுக்காரர தூக்கிக்கினு போன சந்தூக்கு கோயில் தெரு வழியாத்தானே பாய் கபர்ஸ்தானுக்குப் போச்சு? ஆடி மாசம். கூழ் ஊத்திக்கினு இருந்தாங்க. மேளத்த நிறுத்திட்டு ஒதுங்கி நின்னாங்க. இன்னிக்கு அவங்க சாமிக்கு வழி இல்லன்னா, நாளைக்கு நம்ம மய்யித்துக்கு எந்த வழி?”

“நம்ம மார்க்கம் இன்னா சொல்லுதுன்னு யோசிச்சியா?”

“அல்லாவைத் தவிர யாரையும் கும்பிட மாட்டேன் பாய். ஆனா பக்கத்துத் தெருக்காரங்க வழிய மறிக்கச் சொல்லி என் மார்க்கம் எனக்குக் கத்துக்குடுக்கல.”

உள்ளேயிருந்து நசீர் அகமதுவின் மனைவி அஃப்ஸர் ஜஹான் வந்தாள். ஜோதியின் கையிலிருந்த பேனாவை வாங்கி, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆட்சேபணை இல்லையென்று எழுதிவந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். சற்றுப் பொறுத்து அவரும் கண்ணாடியைத் தேடினார்.

இரண்டு வீடுகள் கதவைத் திறக்கவில்லை. ஒருவன் ஜோதியைப் பார்த்து முகம் சுளித்தான். “நீ எதுக்கு இங்க வந்தே?”

“என் சாமி வர்ற தெரு இது. நான் வராம?” என்றாள் ஜோதி.

மாலை நான்கு மணிக்கு எண்பத்தாறு கையெழுத்துகள் தாசில்தார் மேஜைக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை லத்தியோடு போலீஸ் இருபுறமும் நிற்க, பம்பை முழங்க, அம்மன் சிரசு மசூதித் தெருவுக்குள் வந்தது. மசூதி வாசலில் வழக்கம்போல மேளம் நின்றது. கடந்ததும் மறுபடி முழங்கியது. சைரா வாசற்படியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். அவள் கும்பிடவில்லை. கும்பிடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. கூட்டத்திலிருந்து ஜோதி கையசைத்தாள்.

திங்கட்கிழமை காலை சைரா ஸ்டேஷனில் நின்றாள்.

“அதான் நல்லபடியா முடிஞ்சிதே, விடும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“செத்தவரு பேர்ல பொய்க் கையெழுத்து போட்டவன் எவன்னு தெரியணும் சார். புகாரை எடுத்துக்கினு ரசீது குடுங்க.”

“டைம் ஆகும்.”

“ஆகட்டும்,” என்று பெஞ்சில் உட்கார்ந்தாள் சைரா.