குமிழி நின்ற பிறகு

பதினேழாவது பாட்டிலை நிரப்பும்போது போடில் பீர் வரும் குழாயை நேரத்துக்கு மடக்காததால், பீர் பாட்டிலின் கழுத்தைத் தாண்டி வழிந்து சமையலறைத் தரையில் கொட்டியது. எய்னர் துணியை எடுத்துத் துடைத்தார். பாட்டிலை வாங்கி, வாயில் தகர மூடியை வைத்து, மூடியை இறுக்கும் கருவியின் கைப்பிடியை அழுத்தினார். மூடி கடித்துக்கொண்டது.

காலையில் வந்த நர்ஸ், படுக்கையில் கிடந்த போடிலின் கணவர் ஹோல்கரின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த போடில் முதலில் செய்த காரியம், கொழுந்தன் எய்னருக்குப் போன் போட்டு, பீரை இன்றைக்கே பாட்டிலில் அடைக்க வேண்டும், வா என்று சொன்னதுதான். எய்னர் காரணம் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவர், வீட்டுச் செருப்போடு வந்து நின்றார்.

ஹோல்கர் முப்பத்துநாலு வருஷம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். குடித்த பீருக்குக் கணக்கில்லை; காய்ச்சியது இதுதான் முதல் தடவை. ஜனவரியில் டாக்டர் எட்டு வாரம் என்று நாள் குறித்ததும், வீட்டுக்கு வந்து காபி குடிப்பதற்கு முன்பே, பீர் காய்ச்சும் பெட்டி ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். இதைக் குடிக்காமல் நான் போவதாக இல்லை என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் கல்யாணமான நாற்பத்தாறு வருஷத்தில் அவர் சொல் தவறி போடில் பார்த்ததில்லை. வருகிறேன் என்று சொன்ன நாளில், கடல் கொந்தளித்தாலும் எப்படியாவது வீடு இருக்கும் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெட்டியோடு வந்த வாளியின் மூடியில் செருகிய சின்னக் குழாயில் குமிழி வந்துகொண்டிருக்கும்வரை உள்ளே நொதிக்கிற வேலை நடக்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றதும் பாட்டிலில் அடைக்க வேண்டும். அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் நுரை கட்டப் பதினாலு நாள் ஆகும்; அதற்குப் பிறகு குடிக்கலாம். ஒருநாள் குமிழி நின்றது. அன்று காலை ஹோல்கர் கட்டிலிலிருந்து “நின்னுடுச்சா?” என்று கேட்டபோது, போடிலின் வாய் தன்போக்கில் “இன்னும் இல்ல” என்றது. பீர் ஆகாதவரை அவர் போகமாட்டார். இந்தக் கணக்கை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் அதே பொய்யைச் சொன்னாள். பதினெட்டு நாள் சொன்னாள்.

நின்ற அன்றைக்கே அடைத்திருந்தால் நாலு நாளைக்கு முன்பே பீர் தயாராகியிருக்கும். நாலு நாளைக்கு முன்பு ஹோல்கர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அரைக் கிண்ணம் மீன் சூப் குடித்தார். ஒரு கிளாஸ் பீரும் குடித்திருப்பார். நர்ஸ் போனதிலிருந்து போடில் இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எய்னர் ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத் தெளிஞ்சு கிடக்கே. இது எப்பவோ ஆயிருக்கணுமே, போடில்.”

போடில் பீர் வரும் குழாயின் முனையை மடக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில் சமையலறைச் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. ஹோல்கர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். அடைக்கிறீர்களா என்று கேட்டார். பதினேழு ஆயிற்று என்றாள். சர்க்கரை என்றார். நூற்றிருபது கிராம், நீ எழுதிவைத்தபடியே கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கலந்தேன் என்றாள். தலையை லேசாக அசைத்தார்.

இப்போது சொல்லாவிட்டால் இனி சொல்ல முடியாது என்று பட்டது.

“ஹோல்கர், குமிழி இன்னிக்கு நிக்கல. முன்னாடியே நின்னுடுச்சு. நான்தான் உன்கிட்ட…”

“பதினெட்டு நாள்,” என்றார் ஹோல்கர்.

போடில் அவரையே பார்த்தாள். பாம்புச் செவி என்று அவரைக் கேலி செய்யாத ஆளே கப்பலில் இல்லை.

“வாளி சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு. ஓடிக்கிட்டிருந்தது நின்னா எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சேதான் தினமும் கேட்டியா?”

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரமாயிற்று. “இன்னும் இல்லன்னு சொல்றப்ப உன் முகம் தெளிவா இருந்துச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.”

அவள் அழுதாள். அவர் அதைத் தடுக்கவில்லை. நர்ஸ் உதடு நனைக்க வைத்துவிட்டுப் போன பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, பீரில் தொட்டு ஒரு சொட்டாவது தருகிறேன் என்றாள். ஹோல்கர் முகத்தைச் சுளித்தார்.

“நுரை இல்லாம அது பீரா? பதினாலு நாளைக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது. போ, வாளியைத் திறந்து போட்டுட்டு வந்திருக்க.”

அவள் போனாள்.

இருபத்தொன்பதாவது பாட்டிலில் எய்னர் கைப்பிடியை அழுத்தாமல் அப்படியே நின்றார். முன்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. இருவரும் போய்ப் பார்த்தார்கள். போடில் ஹோல்கரின் கண்களை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டாள். மார்ச் மாதத்துக் கடல்காற்று திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. எய்னர் தோட்டத்துக்குப் போய், சாவு விழுந்த வீட்டு வழக்கப்படி, கம்பத்தில் தேசியக்கொடியை உச்சிவரை ஏற்றிப் பிறகு பாதிக்கு இறக்கினார். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரரும் தன் கொடியைப் பாதிக்கு இறக்கினார்.

டாக்டருக்குச் சொல்லிவிட்டு இருவரும் சமையலறைக்குத் திரும்பினார்கள். சர்க்கரை கலந்தாகிவிட்டது, அது யாருக்காகவும் காத்திருக்காது. பாதியில் நின்ற பாட்டிலையும் மிச்சம் ஒன்பதையும் அடைத்தார்கள். மொத்தம் முப்பத்தெட்டு.

மூன்று மணிக்கு இறுதிச்சடங்குக்காரர் வந்தார். எட்டு நாளுக்குள் அடக்கம் செய்வதுதான் வழக்கம், வருகிற வெள்ளிக்கிழமை சரிப்படுமா என்று கேட்டார். பதினைந்தாம் நாள்தான் வேண்டும் என்றாள் போடில்.

“வெளியூர்லேருந்து யாராவது வரணுமா?”

“யாரும் வர வேண்டாம். பீர் ஆகணும்.”

அவர் மேஜையின் கீழே அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்தார். அவரும் தீவுக்காரர்தான், அடக்கம் முடிந்து பீர் குடிக்காமல் யாரையும் வழியனுப்பிய ஊரில்லை இது. தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும், கேட்டுப் பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டார். பிறகு தயங்கி, ஊரே வருமே, இது போதுமா என்றார்.

“ஆளுக்கு ஒரு வாய்,” என்றாள் போடில்.

மறுநாள் காலையில் வந்து உடலை எடுத்துப் போவதாகவும், அதுவரை அறை குளிர்ந்தே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டு அவர் போனார். எய்னர் முன்னறை ஹீட்டரை அணைத்தார். பாட்டில்களுக்குப் பதினாலு நாளும் சூடு வேண்டும். ஆகவே சமையலறை ஹீட்டரைக் கூட்டி வைத்தார். கதவு திறந்திருந்தால் இங்கே சூடும் அங்கே குளிரும் இரண்டும் கெட்டுவிடும். போடில் கொக்கியிலிருந்து தன் குளிர்காலக் கோட்டை எடுத்து மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டாள். முன்னறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.