கொடிக்காரன் தலை

அட்டைப்பெட்டியும் கையுமாக மாதேஷ் ஜீப்பை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் சிவக்குமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெண்டாட்டியின் தம்பி. ஒரு மாதமாக இந்த மஞ்சக்குட்டைப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், இன்றைக்குத் தலைச்சோலையிலிருந்து பாகம் பிரிக்க வந்திருக்கிறான்!

நிலமா, நகையா? ஒரு மண்ணும் இல்லை. விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலி நாட்டு ஈட்டிப்படையாம். போனில் பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்த பைத்தியம். ஒரே கம்பெனி பொம்மை என்றால் அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சி. அதனால் சிவக்குமாரின் ஒல்லிப் பொம்மைகளையும் மாதேஷின் தடிப் பொம்மைகளையும் கலந்து, கை மாற்றி, தொப்பி மாற்றி, குள்ளனுக்குக் காலடியில் அட்டை ஒட்டி, ஞாயிறு தவறாமல் படை கட்டினார்கள். அந்த ஜோரில்தான் மாதேஷ் ஆசை ஆசையாய் வர்ணம் பூசிய கொடிக்காரனின் தலையை, அவனைக் கேட்காமலே சிவக்குமார் வெட்டி மாற்றிவிட்டார். பார்த்தவன் விருட்டென்று கிளம்பிப் போய்விட்டான்.

"என்னோடதெல்லாம் எடுத்துக்கறனுங்க மச்சான்."

"தாராளமா எடுத்துக்க மாப்ள," என்றார் சிவக்குமார் வீறாப்பாக. போச்சு, படையும் போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு என்று மனசுக்குள் புலம்பினார். மன்னிப்புக் கேட்கத்தான் பாழாய்ப்போன வாய் வரவில்லை.

மாதேஷ் ஒருவனை எடுத்தான். உடம்பு தன்னுடையது, கை மச்சானுடையது. கீழே வைத்தான். அடுத்தவனுக்குத் தொப்பி மச்சானுடையது. பெட்டி காலியாகவே கிடந்தது.

காப்பி கொண்டுவந்த சசிகலா, மூலையில் கிடந்த துடைப்பத்தைத் தம்பிக்குக் காட்டினாள். "ஏஞ்சாமி, ஈட்டியெல்லாம் எம்பட சீமாத்துக் குச்சி. மொதல்ல அதக் குடுத்துட்டு அப்பறம் பிரிங்க!"

அவன் சிரிக்கவில்லை. "கொடிக்காரன் தலை எங்கீங்க மச்சான்?"

சிவக்குமார் முன்வரிசையைக் காட்டினார். ஒல்லித் தளபதியின் கழுத்தில் அது இருந்தது.

"இது நீங்க யாரையும் தொட உடாத உங்க தளபதியாச்சே! அவந்தலை?"

"உன்ற கொடிக்காரன் மேல. தொப்பி போட்டதுல உனக்குத் தெரியல."

"உங்க தளபதி தலையவா வெட்டுனீங்க?"

"ஆமா. ஆனா உன்னக் கேட்டிருக்கோணும் மாப்ள. நொம்பத் தப்பு."

மாதேஷ் தளபதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தலை சாஞ்சு கெடக்குதுங்க. ஆளும் குள்ளமாத் தெரியறான். பசை எடுங்க," என்றான். பிறகு கொண்டுவந்த பெட்டியைக் கிழித்து, காலடிக்கு அட்டை வெட்ட ஆரம்பித்தான்.