லீவு கிடைக்காத அண்ணன்

ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறைக்குள் சின்னவன் கிரீஸ் கையோடு நின்றபோதுதான் தங்கை கூப்பிட்டாள். வீட்டுக்கு இரண்டாவது மகன் என்பதால் சின்னவன். வெளிநாடு வந்து லிஃப்ட் மெக்கானிக் ஆகி, தொப்பையும் போட்டுவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

"சின்னண்ணா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. தேதி மட்டும்தான் பாக்கி. உனக்கு என்னைக்கு லீவோ அன்னைக்குத்தான் என் கல்யாணம்."

"கேட்டுப் பாக்கணும் பாப்பா. இங்க ரொம்பக் கெடுபிடி" என்றான், வாய்ப் பழக்கத்தில்.

கெடுபிடியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. சூப்பர்வைசர் தங்கமான மனுஷன். ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டு வாயேன் என்று அவரே நச்சரித்துக்கொண்டிருந்தார். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விழாவுக்கும், அண்ணன் குழந்தைக்குப் பெயர் வைத்த நாளுக்கும் லீவு கிடைக்கவில்லை என்று சின்னவன் சொன்னது பச்சைப் பொய்.

எல்லாம் அண்ணன் கல்யாணத்தால் வந்த வினை. அதற்கு ஆசை ஆசையாகப் போயிருந்தான். தண்ணீர்க் கேனைத் தூக்கப் போனால், யாரோ ஒரு பையன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். "நீங்க உக்காருங்கண்ணே, களைச்சு வந்திருப்பீங்க." பரிமாறப் போனால் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அம்மாகூட அவனுக்கு மட்டும் பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. வந்த நாள் முதல் கிளம்பும்வரை மின்விசிறிக்குக் கீழே சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை சிரிக்க அவனுக்குத் தெம்பில்லை.

இரண்டு நாள் பொறுத்துத் தங்கை மறுபடியும் கூப்பிட்டாள். "உங்க சூப்பர்வைசர் நம்பரைக் குடு. நானே பேசி அழுது கேட்டுடறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அதற்கு மேல் அவனால் மறைக்க முடியவில்லை. தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"பாப்பா?"

"ரிடையர்மென்ட் விழாவுல, 'என் ரெண்டாவது பையனுக்கு லீவு குடுக்கலை'ன்னு அப்பா மைக்ல சொல்லும்போது குரல் உடைஞ்சு போச்சு, தெரியுமா உனக்கு?" என்றாள். "காப்பி டம்ளர்ல குடுக்கலையாம், அதுக்குக் கோவமாம்!"

"கோவம் இல்ல பாப்பா..."

"அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத. இத்தனை வருஷமா உன் முதலாளி குடும்பத்தையே சபிச்சுக்கிட்டிருக்கா. அவன்மேலயே பழி இருக்கட்டும். உனக்கு வேலைதானே வேணும்? கல்யாணத்தன்னைக்கு மண்டப வாசல்ல நின்னு வர்றவங்களைக் கூப்பிடு."

போனை வைத்துவிட்டாள். அதன்பின் கல்யாணம்வரை அவனிடம் அவள் சரியாகப் பேசவே இல்லை. லீவு என்னவோ கேட்டதும் கிடைத்தது. ஊருக்கு வந்த பிறகும், "சாப்பிட்டியா" என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலை புதுச் சட்டையில் மண்டப வாசலில் நின்றான். பாதி முகங்கள் மறந்துபோயிருந்தன. மீதி முகங்களைத் தெரியவே தெரியாது. எல்லோரையும் கும்பிட்டு உள்ளே அனுப்பினான். வெயில் ஏறிய நேரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார்.

"வாங்க சார், வாங்க."

"தம்பி, நீங்க மாப்பிள்ளை வீடா?"

"பொண்ணு வீடுங்க. பொண்ணோட அண்ணன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "பொண்ணோட அண்ணனும் நானும் ஒரே ஆபீஸ். பக்கத்துப் பக்கத்து சீட்டு. தம்பி இருக்கிறதா அவர் சொன்னதே இல்லையே?"

சின்னவனுக்கு முகம் சுண்டிப்போனது. உள்ளே திரும்பிப் பார்த்தான். அண்ணன் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சமையல்காரரிடம் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். போய்க் கேட்கலாம்தான். கேட்டு, அவனும் திருப்பி ஒன்று கேட்டுவிட்டால்? என்ன பதில் சொல்வது?

"வெளிநாட்டுல இருக்கேங்க. வந்து ரொம்ப நாளாச்சு" என்றான். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்து ஒரு வேன் வந்து நின்றது. பெண்களும் பிள்ளைகளுமாகத் திமுதிமுவென்று இறங்கினார்கள். சின்னவன் கைகூப்பினான்.

"வாங்க, வாங்க. நான் பொண்ணோட ரெண்டாவது அண்ணன்."

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அதன்பிறகு வந்த ஒவ்வொருவரிடமும், தொண்டை கட்டும்வரை, அவன் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.