மேஜையில் சொல்லக்கூடாத எண்

காலை பத்து மணிக்கு எட்னா ஹால்வர்சன் ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதிக்குள் நுழைந்தாள். முப்பத்தோரு வருஷம் அவள் கணவன் கிளைட் பகடை மேஜையில் வேலை பார்த்த இடம். அவள் வாசற்படி மிதித்தது இதுதான் முதல் தடவை. தேவாலயத்தில் யார் கேட்டாலும், "ஹோட்டல்ல வேலை" என்றுதான் சொல்லி வந்தாள்.

கூட வேலை பார்த்தவர் இறந்தால், அவருடைய மேஜையில் அன்றைய முதல் ஆட்டத்தை அவர் வீட்டார் ஆடவேண்டும். அது அங்கத்திய வழக்கம். பதினொரு மணிக்கு எல்லோரும் கூடுவார்கள். ஒன்றும் தெரியாமல் நின்று ஹால்வர்சன் பெயரைக் கெடுக்கக்கூடாது என்றுதான் ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தாள்.

"கையுறையக் கழட்டிடுங்க மேடம்," என்றான், மேஜையில் பகடைகளைக் கோலால் தள்ளிக் கொடுக்கும் டெல்பர்ட். "ஒரு கைதான். ரெண்டு பகடையும் எதிர்ச் சுவர்ல மோதணும். முதல் வீச்சுல செவப்போ பதினொண்ணோ விழுந்தா ஜெயிப்பு. ரெண்டு, மூணு, பன்னெண்டு விழுந்தா போச்சு. வேற எது விழுந்தாலும் அதுதான் உங்க புள்ளி. அது திரும்ப விழுற வரைக்கும் வீசிட்டே இருக்கலாம். நடுவுல செவப்பு வந்தா போச்சு, ஆட்டம் முடிஞ்சுது."

ஒத்திகையாக வீசினாள். ஐந்து விழுந்தது. டெல்பர்ட் வெள்ளை வில்லையை ஐந்தின்மேல் வைத்தான்.

"அதென்ன செவப்பு? மேஜையில செவப்பா எழுதியிருக்கே, அதா? ஏழுன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே!"

பக்கத்தில் சும்மா நின்ற கிழவர் சட்டென்று மேஜைமேல் இருந்த தன் பந்தயச் சில்லுகளை வாரிக்கொண்டு நகர்ந்தார்.

"ஐயோ மேடம்! இந்த மேஜைகிட்ட அந்தப் பேரை வாயில எடுக்கலாமா? கூப்பிட்டா வந்துடும்!"

எட்னாவுக்கு முகம் சுண்டியது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டால், "ஆறு அடிச்சு ஒரு மணி கழிச்சு" என்பான் கிளைட். மகளின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி குத்தும்போது, "ஆறு முடிஞ்சுது, எட்டு இன்னும் வரல" என்றான். "ஒழுங்காப் பேசத் தெரியாதா?" என்று அவள் சிடுசிடுத்ததுண்டு. ஒருநாள்கூடக் காரணம் கேட்டதில்லை.

பதினொரு மணிக்கு இருபது பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எட்னா நிமிர்ந்து நின்று வீசினாள். எட்டு. வில்லை எட்டின்மேல் ஏறியது. அடுத்து ஆறு, பத்து, நான்கு. ஒவ்வொரு வீச்சுக்கும் கைதட்டல். ஐந்தாவது வீச்சில் பகடைகள் சுவரில் மோதித் திரும்பின. ஒன்றில் நான்கு, மற்றதில் மூன்று.

டெல்பர்ட் எட்டின்மேலிருந்த வில்லையை எடுத்தான். பரிசாரகி நோரீன் அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எட்னாம்மா, ஆட்டம் முடிஞ்சுதா? என்ன விழுந்துச்சு?"

இருபது முகங்களும் எட்னாவின் வாயைப் பார்த்தன. சில்லுகளை வாரிய கிழவர் கண்ணையே மூடிக்கொண்டார்.

எட்னா கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"ஆறு அடிச்சு ஒரு மணி கழிச்சு," என்றாள்.

கிழவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மேஜையே அதிர்ந்தது.

"கிளைட் இங்கயும் அப்படித்தாம்மா மணி சொல்வான்!" என்று கண்ணைத் துடைத்தான் டெல்பர்ட்.