நெருப்புக்குப் போட்ட இலை

கரூரில் திரைச்சீலைகளைச் சோதிக்க வியாழக்கிழமைதோறும் நெருப்பு வரும். வாழை இலை போட்டுத் துணியைப் பரிமாறுவார்கள். ஒரு வாய்க்கு மேல் தின்னாமல் இலையை மூடினால் துணி பாஸ்.

நல்லசிவம் ஆலையில் துணி எரியாமலிருக்கப் பூசும் பழைய மருந்தின் வாடைக்கே நெருப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடும். ஆனால் அந்த மருந்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வீட்டுக்குப் போனதும் திரைச்சீலையை விட்டு இறங்கி, காலாற நடந்து, குழந்தையின் பால் பாட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். ஆலையில் மருந்து கலக்கும் தெய்வானையின் வீட்டிலும் ஒன்று உட்கார்ந்திருந்தது. மகள் பாட்டிலைத் தூக்கும்போதெல்லாம் அவள் பிடுங்கி இன்னொரு தரம் கழுவுவாள்.

அதனால் அவள் தவிட்டிலிருந்து எடுத்த புளிப்பும் இறால் ஓட்டு மாவும் சேர்த்துப் புதுப்பூச்சு செய்தாள். போன வாரம் நெருப்பு அதை வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் கேட்டது.

"இன்னிக்கும் தின்னுட்டா பழைய மருந்துதான் அம்மணி," என்றார் முதலாளி நல்லசிவம். "குழந்தைங்க ஆஸ்பத்திரி ஆர்டர் காத்துட்டிருக்குது."

தெய்வானைக்கு அதற்குள் புத்தியில் உறைத்திருந்தது. கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு, வீடு தேடி வந்தவரை விரட்டப் பார்த்தால் எப்படி? வயிறு நிறைந்தால் தானே எழுந்துவிடப் போகிறார். சூடு பட்டதும் பூரி மாதிரி உப்பும்படி பூச்சை மாற்றியிருந்தாள்.

நெருப்பு சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு வாய் தின்றது. துணி கறுத்து உப்பியது. நெருப்பு மென்றுகொண்டே இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க," என்று தெய்வானை குனிந்தாள்.

நெருப்பு இலையைக் கையால் மறைத்தது. "ஐயோ, போதுமுங்க. எடமில்லீங்க."

இலையைத் தன் பக்கமாக மூடிவிட்டு எழுந்தது. தெய்வானைக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டாள்! நல்லசிவம் கைதட்டினார். மூலையில் நின்ற பழைய மருந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தது. போகிற வழியில் அவள் வீட்டில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னது.

நெருப்பு குழாயடியில் கை கழுவி, ஈரத்தைப் புதுத் திரைச்சீலையிலேயே துடைத்துக்கொண்டது.

"நம்ம வீட்டு ஜன்னலுக்கும் ஒரு ஜோடி வேணுமுங்க," என்றது. "பகல்ல வெளிச்சத்துல புள்ளைங்க தூங்கமாட்டேங்குதுங்க."

தெய்வானை இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, ஜன்னல் எவ்வளவு அகலம் என்று கேட்டாள்.